குறைகேள் வண்டியின் விசிறி

மக்களின் குறைகளை மக்களின் வாசலுக்கே சென்று கேட்பது என்று அரசாங்கத் திணைக்களம் திருவுளம் கொண்டபோது, அதற்கு ஒரு வாகனம் வேண்டியிருந்தது. வெளிநாட்டுக்காரர் யாரோ ஊர் சுற்றிவிட்டு அன்பளிப்பாகக் கொடுத்த வீட்டு வண்டி ஒன்று கிடைத்தது. அதில் கட்டில் இருந்தது, சமைக்கக் குசினி இருந்தது, குளிக்கும் அறையும் இருந்தது. குறை கேட்பதற்கு இவை எதற்கு என்று எவரும் கேட்கவில்லை. கூரையில் சூரியத் தகடுகளைப் பூட்டி, அந்த மின்சாரத்தை ஏசிக்கும் கணினிக்கும் ஏற்றபடி மாற்றும் இன்வேட்டர்களை இருக்கையின் கீழே வைத்தார்கள். இந்தக் காலத்தில் எதைச் செய்தாலும் பசுமையாகச் செய்ய வேண்டும் அல்லவா? வண்டிக்கும் பச்சை நிறமே பூசப்பட்டது.

சண்டிலிப்பாய்க்கு வண்டி வருகிறது என்றதும் ஆழ்வாப்பிள்ளை புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் போனார். அவருடைய குறை உண்மையான குறை. பக்கத்துக் காணிக்காரர் நமசிவாயம் மதில் கட்டும்போது வெள்ளவாய்க்காலையும் தன் பக்கம் எடுத்து மூடிவிட்டார். மாரி தொடங்கினால் ஆழ்வாப்பிள்ளையின் வெங்காயத் தோட்டம் குளமாகிவிடும். நேரே போய்க் கேட்கலாமே என்பீர்கள். நமசிவாயத்தின் மகனுக்குத்தான் ஆழ்வாப்பிள்ளையின் மகள் ஆரபியைப் பேசி, தை மாதத்தில் நாளும் குறித்திருக்கிறது. பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளையின் தகப்பனிடம் வாய்க்காலைப் பற்றிக் கதைக்க முடியுமா? அரசாங்கம் தானாகக் கண்டுபிடித்ததுபோல வந்து அதைத் திறந்துவிட வேண்டும். முகத்துக்கு முன்னே சிரிப்பு, முதுகுக்குப் பின்னே பெட்டிசம் என்பதுதான் எங்கள் ஊர் நல்லிணக்கம். அரசாங்கம் ஒன்று இருப்பதே இதற்குத்தான் என்று ஆழ்வாப்பிள்ளை மனதார நம்பினார்.

உள்ளே உத்தியோகத்தர் பார்த்தீபன் குளிரில் கைகளை உரசிக்கொண்டு இருந்தார். ஏசி ஓட இன்வேட்டர் சூடேறியது. இன்வேட்டரின் சூட்டைத் தணிக்க அதன் விசிறிகள் சுழன்றன. அந்தச் சத்தத்தில் வண்டிக்குள் ஒரு நெல்லு மில் ஓடுவதுபோல இருந்தது. ஆழ்வாப்பிள்ளை தன் குறையை ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்தார். பார்த்தீபன் மரியாதையாகத் தலையாட்டி, ‘ஆவன செய்யப்படும்’ என்று கணினியில் பதிந்தார். எதற்கு ஆவன என்று அவருக்கும் தெரியாது. அடுத்த கிழமை ஆழ்வாப்பிள்ளையின் வீட்டுக்குத் தெருநாய் பிடிக்க ஆட்கள் வந்தார்கள்.

ஆழ்வாப்பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. ஊரைக் கூட்டிக் கையெழுத்து வாங்கி, விசிறிச் சத்தத்துக்கு எதிராக ஒரு பெட்டிசம் போட்டார். உடனே ஆராய்வுக் குழு நியமிக்கப்பட்டது. குழு திருவிழா நாளில் வந்து, வண்டியைக் கோயில் வீதியில் நிறுத்திச் சத்தத்தை அளந்தது. ஒலிபெருக்கிக்கு அருகில் விசிறிச் சத்தம் அறவே கேட்பதில்லை என்றும், ஆகவே வண்டியை எப்போதும் ஒலிபெருக்கிக்கு அருகிலேயே நிறுத்துவது உகந்தது என்றும் சிபாரிசு செய்தது. ஆழ்வாப்பிள்ளை விடவில்லை, மறுபடியும் போட்டார். விசிறியைக் கழற்றினால் இன்வேட்டர் எரியும், இன்வேட்டர் எரிந்தால் கணினி இயங்காது, கணினி இயங்காவிட்டால் மக்களுக்குக் குறையே இல்லை என்று மேலிடம் விளக்கம் தந்தது. கடைசியில், ஏசியை நிறுத்தினால் இன்வேட்டர் சூடேறாது, விசிறியும் சுழலாது என்பதைப் பார்த்தீபனே கண்டுபிடித்தார். இந்த அரிய கண்டுபிடிப்புக்காகத் திணைக்களம் அவருக்குப் பொன்னாடை போர்த்தியது.

அடுத்த முறை வண்டி வந்தபோது மாரி முகில் கட்டி, ஊரெல்லாம் ஒரே புழுக்கம். வண்டியின் சன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. விசிறி மூச்சுக் காட்டவில்லை. சனங்கள் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தார்கள். ஆழ்வாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நமசிவாயமும் வந்து உட்கார்ந்து கலியாண மண்டபத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்.

முதலில் துஷாந்தினி உள்ளே போனாள். அடுத்த வீட்டுச் சேவலைப் பற்றியும், சேவலை வளர்க்கிறவளின் குணத்தைப் பற்றியும் அவள் சொன்னது வேப்பமரத்தடி முழுக்கக் கணீரென்று கேட்டது. சேவல்காரி வரிசையில் இரண்டாவது கதிரையில் இருந்தாள். துஷாந்தினி வெளியே வந்தபோது சேவல்காரியைத் தவிர வேறொருவரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லோரும் தங்கள் தங்கள் குறையை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்கள். அநேகமானவற்றில் பக்கத்துக் கதிரைக்காரரின் பெயர் இருந்தது. சேவல்காரிக்கு அடுப்பில் உலை வைத்தது நினைவு வந்து, தன் முறையை ஆழ்வாப்பிள்ளைக்கு விட்டுக்கொடுத்தாள்.

"சொல்லுங்கோ ஐயா, இண்டைக்கு வடிவாக் கேக்குது," என்றார் பார்த்தீபன்.

ஆழ்வாப்பிள்ளை சன்னலைப் பார்த்தார். வெளியே நமசிவாயத்தின் மொட்டைத் தலை தெரிந்தது.

"வெள்ளவாய்க்கால் மூடிக்கிடக்கு, தம்பி."

"ஆர் மூடினது?" பழக்கதோஷத்தில் பார்த்தீபன் உரக்கக் கேட்டார்.

மொட்டைத் தலை மெல்லத் திரும்பியது.

"ஆரும் மூடேல்லை. அது தன்ரை பாட்டிலை மூடுப்பட்டுது."

"அப்ப உங்கடை குறை என்ன?"

ஆழ்வாப்பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது. ஒரு பக்கம் வெங்காயம், மற்றப் பக்கம் மகள். அந்த நேரத்தில் பெற்ற மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைக்க எனக்கே பாவமாக இருக்கிறது.

"சரியான புழுக்கமாக்கிடக்கு. ஏசியைப் போடுங்கோ. அதுதான் என்ரை குறை."

"ஏசி போட்டா விசிறி சத்தம் போடும். நீங்கள்தானே ஐயா பெட்டிசம் போட்டனீங்கள்?"

"அது பழகிப்போச்சு தம்பி. அந்தச் சத்தம் இல்லாட்டில் ஒரு குறையும் வாயிலை வருகுதில்லை."

வேப்பமரத்தடி முழுவதும் எழுந்து வந்து அதை ஆமோதித்தது. உலை வைத்தவளும் திரும்பி வந்துவிட்டாள். திணைக்களத்தின் வரலாற்றிலேயே முதல் முறையாக ஒரு குறை அந்த இடத்திலேயே தீர்த்துவைக்கப்பட்டது. சன்னல்கள் மூடின, ஏசி ஓடியது, விசிறி பொங்கி எழுந்தது. ஆழ்வாப்பிள்ளை நமசிவாயத்தின் பெயர், அவர் தகப்பனின் பெயர், மதிலின் நீளம் என்று ஒன்றும் விடாமல் மனம் விட்டுச் சொன்னார். பார்த்தீபன் தலையாட்டி, ஆவன செய்தார். நெஞ்சுப் பாரம் இறங்கி வெளியே வந்தபோது தோட்டத்துப் பக்கம் மழை இறங்கத் தொடங்கியிருந்தது.

அடுத்தவர் நமசிவாயம். ஒரு சின்ன விசயம்தான், கொஞ்சம் இருந்தால் சேர்ந்து போகலாம் என்று சம்பந்திக்குச் சிரித்த முகத்துடன் சொல்லிவிட்டு உள்ளே போனார். போனவர் இலேசில் வரவில்லை. ஆழ்வாப்பிள்ளை வேப்பமரத்தடிக் கதிரையில் இருந்தபடியே சன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தார். நமசிவாயம் இவர் இருந்த கதிரையைக் கையால் காட்டிக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பார்த்தீபன் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ஆழ்வாப்பிள்ளை எழும்பிப் போய்க் கண்ணாடியில் காதை வைத்தார். விசிறி நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது.