மேல்காதும் சும்மா இராத கையும்

'பெயிண்ட் ஈரம், தொடாதீர்கள்' என்று எழுதி மாட்டியிருக்கும் சுவரில், அந்த எழுத்துக்கு நேர் கீழே ஒரு கட்டைவிரல் பதிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பதித்தவர் மிக நல்லவர். ஈரம் என்று எழுதியிருக்கிறார்களே, நிஜமாகவே ஈரம்தானா என்று ஊர் நன்மைக்காகச் சரிபார்த்தவர். இந்த இனத்துக்கு நோண்டுகிறவர்கள் என்று பெயர். வேர் பிடித்ததா என்று செடியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு மறுபடி நடுவது, பசை காய்ந்ததா என்று நேற்று ஒட்டிய ஜாடியின் பிடியை இழுத்துப் பார்த்துப் பிடியை மட்டும் கையில் வாங்கிக்கொள்வது, ஒழுங்காக ஓடும் கடிகாரத்தைத் திறந்து ஏன் ஓடுகிறது என்று ஆராய்வது, அரைமணி நேரம் தாலாட்டித் தூங்கவைத்த குழந்தையைத் தட்டி, "தூங்கிட்டியா கண்ணு?" என்று கேட்பது எல்லாம் இவர்கள் திருப்பணிகள். கெட்ட எண்ணம் கடுகளவும் கிடையாது. அக்கறைதான். அதனால்தான் திட்டவும் முடிவதில்லை.

இந்த இனத்தின் திலகம் என்று சொல்லத்தக்க ஓர் அம்மாள், ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில் இருபத்திரண்டு வருடமாக நர்ஸாக இருக்கிறார். 'டிரெஸ்ஸிங் அக்கா' என்றால் வாட்ச்மேன் முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் தெரியும். ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் அவர் சொல்லும் வாசகம் ஒன்றுதான்: "கை வைக்காதீங்க, நோண்டாதீங்க, சும்மா விட்டாலே ஆறிடும்." சொல்லி முடித்துவிட்டுப் பக்கத்து மேஜையில் இன்னொரு நர்ஸ் போட்ட கட்டைப் பிரித்து, சரியாகப் போட்டிருக்கிறாளா என்று பார்ப்பார்.

அவருக்கு ஒரே மகள். படிப்பு முடிந்து வெளியூரில் வேலை கிடைத்தது. கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது பெண் ஓர் ஆசையைச் சொன்னாள்.

"அம்மா, நாம ரெண்டு பேரும் ஒரே மாதிரி மேல்காது குத்திக்கலாமா? கண்ணாடியில பார்க்கறப்பல்லாம் உன் ஞாபகம் வரும்."

"இந்த வயசுல எனக்கு எதுக்குடி?"

"உனக்குத்தான் வயசு. காதுக்கு என்ன வயசு?"

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று மாலையே கிளம்பினார்கள்.

காது குத்துகிற கடையில் கையுறை மாட்டிய ஓர் இளம்பெண் இருந்தாள். கீழ் மடலில் குத்துவது வேறு, மேலே குருத்தெலும்பில் குத்துவது வேறு, அதற்குக் காது குத்தும் துப்பாக்கி ஆகாது, ஊசிதான் என்று விளக்கினாள். நம் அக்கா ஊசிப் பொட்டலத்தை வாங்கிப் புரட்டிக் காலாவதித் தேதியைப் படித்தார். கையுறை எந்த அளவு என்று கேட்டார். இடம் குறிக்க அவள் பேனாவால் காதில் புள்ளி வைத்தால், சரியான இடம்தானா என்று விரலால் தடவிப் பார்த்தார். புள்ளி காது முழுக்கப் பரவியது. துடைத்து மறுபடி வைத்தாள். மறுபடி தடவினார். மூன்றாவது புள்ளிக்கு மகள் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். 'கடக்' என்று ஒரு சத்தம். முடிந்தது. மகளுக்கும் அதே இடத்தில் ஒன்று.

"காலையில ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை இந்த உப்புத் தண்ணி ஸ்ப்ரே. மெதுவா ஒத்தி எடுங்க. திருகாதீங்க, அந்தப் பக்கம் படுக்காதீங்க. வீங்கினா இடம் வேணும்னு கம்மல் தண்டு நீளமா போட்டிருக்கேன், ரெண்டு மாசம் கழிச்சு வாங்க, சின்னது மாத்தலாம். முழுசா ஆற ஆறு மாசத்துக்கு மேலயே ஆகும். மத்தபடி தொடவே தொடாதீங்க."

"நான் நர்ஸும்மா. இதை நீ எனக்குச் சொல்லணுமா?"

"அதனாலதான் சொல்றேன்," என்று அந்தப் பெண் முதலிலிருந்து மறுபடி சொன்னாள்.

வரும் வழியில் அம்மாவும் பெண்ணும் பந்தயம் கட்டினார்கள். யார் காது ஒழுங்காக ஆறுகிறது? பெண் தோற்றால் தினம் மூன்று வேளை அம்மாவுக்குப் போன் பண்ண வேண்டும். அம்மா தோற்றால் ஒரு வாரம் முழுக்கப் பெண்ணுக்குப் போனே பண்ணக்கூடாது. ஜெயிப்பது யார் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. புண்ணோடு இருபத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தியவராயிற்றே!

பெண் ஊருக்குப் போனாள். அவள் பிறவிச் சோம்பேறி. ஞாபகம் வந்தால் ஸ்ப்ரே அடித்தாள், வராவிட்டால் குளிக்கும்போது தண்ணீர் பட்டதே போதும் என்று விட்டாள். காது தன் பாட்டுக்கு ஆறிக்கொண்டிருந்தது.

அம்மாவோ இரண்டு தடவை சுத்தம் நல்லது என்றால் எட்டுத் தடவை நாலு மடங்கு நல்லதில்லையா என்று கணக்குப் போட்டார். தோல் தண்டோடு ஒட்டிக்கொள்ளப் போகிறதே என்று காலையில் இரண்டு சுற்றுச் சுற்றினார். பஞ்சால் துடைத்தார், பஞ்சின் நூல் சிக்கிக்கொண்டது, நூலை எடுக்க நகத்தை விட்டார். சிவந்திருக்கிறதா என்று கண்ணாடிக்கு முன்னால் டார்ச் அடித்து அமுக்கிப் பார்த்தார். அமுக்கினால் சிவக்காமல் என்ன செய்யும்? சிவந்ததே என்று மறுபடி சுத்தம் செய்தார்.

ஐந்தாவது வாரம் துளைக்குப் பக்கத்தில் மிளகு அளவுக்கு ஒரு முண்டு எழுந்தது. இணையத்தில் யாரோ சொன்ன எண்ணெயைத் தடவினார். இன்னொருவர் சொன்ன களிம்பை அதன் மேல் பூசினார். மூன்றாமவர் முதல் இரண்டையும் கழுவச் சொன்னார். சாப்பாடு போட்டு வளர்த்தது போல மிளகு பட்டாணியானது.

ஞாயிறுதோறும் பெண், "காது போட்டோ அனுப்பும்மா" என்று கேட்பாள். அம்மா என்ன செய்தார் தெரியுமா? இரண்டாவது வாரம் எடுத்த நல்ல படத்தையே திரும்பத் திரும்ப அனுப்பினார். வாழ்நாளில் ஒரு பொய்ச் சான்றிதழுக்குக்கூடத் துணை போகாத அம்மாள்!

படம் போகத் தொடங்கி நாலாவது ஞாயிறு பெண் கூப்பிட்டாள். "அம்மா, நாலு வாரமா ஒரே ஒரு நரைமுடி அதே மாதிரி கம்மலைச் சுத்திக்கிட்டு இருக்கே, எப்படி?"

"அது... அந்த முடி அப்படித்தான்."

"இப்ப ஒண்ணு எடுத்து அனுப்பேன்."

"அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று போனை வைத்தார். அடுப்பில் எதுவும் இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஒரு தச்சர் வந்தார். உளி பட்டு விரலில் ஆறு தையல். ஆற ஆற, மேல் பொருக்கைப் பிய்த்துக்கொண்டே இருப்பவர். அன்றும் பிய்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை தடவை சொல்றது அண்ணா? சின்னப் பிள்ளையா நீங்க? கையை எடுங்க!"

தச்சர் சட்டென்று கையை எடுத்து மடியில் வைத்தார். "நான் எடுத்துட்டேன் சிஸ்டர். நீங்க?"

அக்காவின் வலது கை காதில் இருந்தது. அதுவும் கையுறையோடு. அதுவும் சற்று முன் இன்னொருவர் புண்ணைத் துடைத்த கையுறையோடு. பெஞ்சில் காத்திருந்த மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். காதையும் சுத்தம் செய்தார். புதியவள் ஒருத்தி இதைச் செய்திருந்தால் அன்றைக்கே மெமோ கொடுத்திருப்பார்.

மாலையில் வேலை முடிந்ததும் பெண்ணுக்குப் போன் பண்ணினார். "நான் தோத்துட்டேன்டி. போட்டோல்லாம் பழசு."

"தெரியும்மா. மொதல்ல காதைக் காட்டறதுக்குக் கடைக்குப் போ."

காது குத்திய பெண் விளக்கைச் சாய்த்துப் பார்த்தாள். "நல்லவேளை, சீழ் இல்லை. சும்மா தொட்டுத் தொட்டு அதைக் கோபப்படுத்தியிருக்கீங்க. என்னென்ன போட்டீங்க?"

அக்கா சொல்ல ஆரம்பித்தார். ஐந்தாவது பெயரில் அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டாள். நீளத் தண்டைக் கழற்றிக் குட்டையானது மாட்டினாள். "இனிமே ஒரே மருந்துதான். சோம்பேறித்தனம். காலையில சோம்பேறியா இருங்க, சாயந்திரமும் இருங்க."

"அது எனக்கு வராதும்மா," என்றார் அக்கா. நிஜமாகவே கவலையோடு சொன்னார்.

பந்தயப்படி ஒரு வாரத் தண்டனையும் அன்றே தொடங்கியது. காதைத் தொடாமல் இருப்பதுகூடப் பரவாயில்லை, போனைத் தொடாமல் இருப்பது பெரும்பாடாக இருந்தது. சாப்பிட்டாளா என்று யார் கேட்பது? கேட்காவிட்டால் சாப்பிடுவாளா? மூன்றாம் நாள் ஒரு செய்தி தட்டி, அழித்து, மறுபடி தட்டி, போனைக் கொண்டுபோய் அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்தார்.

ஐந்தாம் நாள் புடவைகளுக்கு அடியிலிருந்து மணி அடித்தது.

"என்னம்மா, உயிரோட இருக்கியா?"

"நான் பேசக்கூடாதுடி. பந்தயம்."

"நீ பண்ணத்தான் கூடாது. நான் பண்ணலாம்ல?"

இதற்கு முன் நாலு நிமிடத்துக்கு மேல் பேசாத பெண் அன்று நாற்பது நிமிடம் பேசினாள். மேலதிகாரி சிடுசிடுப்பதை, அறைத்தோழி குறட்டை விடுவதை, முதல் வாரம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுததை, இப்போது அழுகை வருவதில்லை என்பதை. அம்மா ஒரு யோசனையும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்த ஏழு தடவையும் மூடிக்கொண்டார். பேசி முடித்த பிறகுதான், இத்தனை நேரமும் தன் கை காதுப் பக்கமே போகவில்லை என்பது அவருக்கு உறைத்தது.

நாலாவது மாதம் முண்டு இருந்த இடம் தெரியாமல் போயிற்று. அம்மா புதிதாக ஒரு படம் எடுத்து, தேதி தெரிகிற மாதிரி அன்றைய செய்தித்தாளையும் பக்கத்தில் பிடித்துக்கொண்டு அனுப்பினார்.

இவ்வளவையும் படித்துவிட்டு, "எங்க வீட்டிலயும் ஒருத்தர் இப்படித்தான்" என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இந்தக் கதையின் முதல் வரியிலிருந்து இந்த வரி வருவதற்குள் உங்கள் விரல் நகக்கண் ஓரத்துத் தோலையோ, தாடையில் நேற்று எழுந்த பருவையோ, பல்லிடுக்கில் இருப்பதாக நீங்கள் நம்பும் ஏதோ ஒன்றையோ நாலைந்து தடவை விசாரித்துவிட்டு வந்திருக்கும். இப்போது எங்கே இருக்கிறது?

எடுத்துவிட்டீர்களா? நல்லது. எத்தனை நொடி தாங்குகிறது, பார்க்கலாம்.