குடையாருக்கு ஒரு தப்பு தேவை

திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்த குடையார், காலணியைக்கூடக் கழற்றாமல் நேரே மனைவியிடம் போய் நின்றார்.

"எனக்கு ஒரு தப்பு வேணும்."

வீட்டம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எந்த சைஸ்ல?"

"விளையாடாதே. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். நான் பண்ணின தப்பா இருக்கணும்."

"அப்படின்னா நிறைய ஸ்டாக் இருக்கு. உட்காருங்க."

குடையார் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. இருபத்தாறு வருஷமாகக் குடை தயாரித்து வாங்கிய பெயர். கம்பெனியில் நூற்று நாற்பது பேர். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தப்புகூடச் செய்ததில்லை. தப்பு நடந்திருக்கிறது, நிறையவே நடந்திருக்கிறது. ஒரு தடவை சாயம் ஓடி, குடை பிடித்தவர்கள் எல்லாரும் நீலமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். அதற்குக் காரணம் சாயம் போட்டவர். இன்னொரு தடவை கைப்பிடி கையோடு நிற்க, குடை மட்டும் பறந்து போனது. அதற்குக் காரணம் காற்று. ஒரு வருஷம் மழையே பெய்யவில்லை. அப்போது அவர் வானத்தைப் பார்த்துப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

இப்போது காலம் மாறிவிட்டது. ஜனங்கள் போனிலேயே குடை வாங்குகிறார்கள், பிடிக்காவிட்டால் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டுத் திட்டுகிறார்கள். விற்பனை படுத்துவிட்டது. மற்ற முதலாளிகள் எல்லாம் ஆளுக்கு ஓர் ஆலோசகரை வைத்துக்கொண்டதைப் பார்த்து, குடையாரும் ஒருவரைப் பிடித்துவந்தார். காலர் இல்லாத சட்டை, சாக்ஸ் இல்லாத ஷூ, ஓயாமல் ஆடும் இரண்டு கைகள். "தலைவர்னா கத்துக்கிட்டே இருக்கணும் சார். அதைவிட முக்கியம், கத்ததை மறக்கணும்" என்றார் அவர்.

இதை வீட்டில் வந்து சொன்னபோது, "மறக்கறதுக்கு எதுக்குங்க ஆளு? அதுல நீங்க ஏற்கெனவே கெட்டிக்காரராச்சே. போன மாசம் என்னையே கடையில மறந்துட்டு வந்தீங்க" என்று வீட்டம்மா நினைவுபடுத்தினார்.

ஆலோசகர் ஒரு விதி கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பிரிவுத் தலைவர் எல்லார் முன்னாலும் நின்று தன் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். அதை எடுத்துக்காட்டியவர் யார் என்றும் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை முதல் தினமும் ஒன்பது மணிக்கு அவரிடமே மாணவராக உட்கார வேண்டும். ஸ்டோர் மேலாளர் இப்போது வரவேற்பறைப் பெண்ணிடம் போன் ஆர்டர் எடுக்கப் படிக்கிறார். பார்சல் பிரிவுத் தலைவர், அதாவது குடையாருடைய தங்கை கணவர், வேன் டிரைவரிடம் சாமான் அடுக்கப் படிக்கிறார். தங்கை கணவர் படிக்கிறார் என்றதும் குடையாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. 'ஆசிரியர் போதும் என்று சொல்லும்வரை' என்று விதியில் தன் கைப்படவே ஒரு வரி சேர்த்தார்.

போன வெள்ளிக்கிழமை தையல் பிரிவில் ஓர் அம்மாள் எழுந்து, "முதலாளி எப்பங்க சொல்வாரு?" என்று கேட்டுத் தொலைத்தார். கூடமே கைதட்டியது. ஆலோசகர் பலகையில் குடையார் பெயரை எழுதிவிட்டார்.

அதுதான் குடையாருடைய கவலை. கம்பெனியில் யார் பெயரைச் சொன்னாலும், நாளை அவர் முன்னால் கைகட்டி உட்கார வேண்டும். அப்புறம் எந்த முகத்தோடு அவரை அதட்டுவது?

வீட்டம்மா ஒரு துண்டை உதறினார். "எங்க அண்ணன் வீட்டு விசேஷத்துல, அவர் சம்பந்தியைப் பார்த்து 'இன்னுமா இருக்கீங்க'ன்னு கேட்டீங்களே, அது?"

"அது தப்பில்ல. ஆச்சரியம்."

"வாஷிங் மெஷினை நானே ரிப்பேர் பண்றேன்னு பிரிச்சீங்களே?"

"அது முயற்சி."

"அது இன்னும் கட்டிலுக்கு அடியில மூட்டையா கெடக்கு."

"தொடர் முயற்சி."

"உங்க தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்தது?"

"ஐயோ, அவன் முன்வரிசையில உட்கார்ந்திருப்பான்! இதோ பாரு, தப்பு சின்னதா இருக்கணும். பழசா இருக்கணும். கேக்கறவங்க கண்ணுல தண்ணி வரணும், ஆனா என் மேல கோபம் வரக்கூடாது."

"நீங்க கேக்கறது தப்பு இல்லைங்க. பாராட்டு விழா." வீட்டம்மா யோசித்தார். "சரி, அந்தப் பொத்தான்?"

குடையார் முகம் மாறியது. பொத்தானை அழுத்தினால் பட்டென்று விரியும் 'மின்னல்' குடைதான் அவருடைய புது வெளியீடு. பத்தாயிரம் குடை தயார். அடுத்த புதன்கிழமை லோடு கிளம்புகிறது.

"மாதிரியைக் கொண்டுவந்து காட்டினப்பவே சொன்னேன். பொத்தான் ரொம்ப லூசா இருக்கு, தொடாமலே தொறந்துக்குதுன்னு. இருபத்தாறு வருஷமா குடை பண்றவன்கிட்ட பாடம் நடத்தாதேன்னீங்க."

"இப்பவும் அதையேதான் சொல்றேன். மின்னல்ல ஒரு குறையும் கிடையாது."

"சரி, விடுங்க. ஞாபகம் வந்தது, சொன்னேன். அதுவுமில்லாம நான் யாரு உங்க கம்பெனியில? வெளி ஆளு."

அவர் மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்தக் கடைசிப் பேச்சு மட்டும் குடையாருடைய மண்டைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை முழுக்க அது குடைந்தது. புதன்கிழமை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அவருக்குப் பளிச்சென்று பிடிபட்டது.

வெளி ஆள்! மனைவிதான் தப்பைக் காட்டினாள் என்று சொல்லிவிட்டால், கம்பெனியில் யார் முன்னாலும் உட்கார வேண்டியதில்லை. வீட்டில் என்ன நடக்கிறது என்று எந்த ஆலோசகர் வந்து பார்க்கப் போகிறார்? பொத்தானை மாற்றவும் வேண்டாம். வாயால் சொன்னால் போதும், மின்னல் பாட்டுக்கு மின்னல் போகும். என்ன மூளை, என்ன மூளை என்று கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே மெச்சிக்கொண்டார். பற்பசை நுரை சட்டையில் வழிந்ததுகூடத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. குடையார் கர்ச்சீப்பைத் தயாராகக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"மின்னல் குடையோட பொத்தான் சரியில்லைன்னு ஒருத்தங்க சொன்னாங்க. நான் கேக்கல. ஏன் கேக்கல? ஆணவம்! எல்லாம் எனக்குத் தெரியும்ங்கற ஆணவம்! அதைச் சொன்னவங்க யாரு தெரியுமா? என் சம்சாரம்!"

தையல் பிரிவே மூக்கை உறிஞ்சியது. வேன் டிரைவர் கண்ணைத் துடைத்தார். தான் பேசுவதைக் கேட்டுக் குடையாரே கர்ச்சீப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

ஆலோசகரின் கைகள் இரண்டும் மேலே போயின. "அற்புதம் சார்! அப்போ உங்க ஆசிரியர் மேடம்தான்!"

"அவங்கதான். ஆனா பாருங்க, அவங்க நம்ம கம்பெனியிலே இல்லையே." குடையார் வருத்தத்தோடு கையை விரித்தார். "என்ன செய்யறது, நான் வீட்டோட கத்துக்கறேன்."

"எதுக்குங்க வீட்டோட? நான்தான் வந்துட்டேனே" என்று கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது.

வீட்டம்மா எழுந்து நின்றார். தோளில் ஒரு பை. பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூடும் ஒரு நோட்டுப் புத்தகமும் நாற்காலியில் போடுகிற சின்ன மெத்தையும் எட்டிப் பார்த்தன.

"மேடம் செவ்வாய்க்கிழமை காலையிலேயே போன் பண்ணிட்டாங்க சார்" என்றார் ஆலோசகர் பூரிப்போடு. "'எங்க வீட்டுக்காரர் என்னைத்தான் சொல்லப் போறாரு, நான் வந்து கேக்கலாமா'ன்னு."

"செவ்வாய்க்கிழமையா?" குடையாருக்கு நாக்கு குழறியது. "நான் முடிவு பண்ணினதே புதன்கிழமைதானே!"

ஆசிரியர் வெளி ஆளாகவும் இருக்கலாம், இடத்தையும் அவரே தேர்ந்தெடுக்கலாம் என்று ஆலோசகர் விதியைப் படித்துக் காட்டினார். வீட்டம்மா முதலாளியின் அறையைத் தேர்ந்தெடுத்தார்.

தங்கை கணவர் பல்லெல்லாம் தெரிய எழுந்தார். "மச்சான், பொத்தான் சரியில்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்போ புதன்கிழமை லோடை நிறுத்திடவா?"

நூற்று நாற்பது பேரும் குடையாரையே பார்த்தார்கள். சற்று முன்னால் அவருக்காக அழுத கண்கள். பொத்தான் நல்ல பொத்தான்தான் என்று இனி எந்த வாயால் சொல்வது?

"நிறுத்து" என்றார். அந்த ஒரு வார்த்தை வெளியே வருவதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. பிறகு மெதுவாக, "இந்தப் படிப்பு எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார்.

"ஆசிரியர் போதும் என்று சொல்லும்வரை" என்று தங்கை கணவர் ராகம் போட்டுப் படித்தார். "உங்க கையெழுத்துதான் மச்சான்."

திங்கட்கிழமை ஒன்பது மணி. வீட்டம்மா மெத்தையைப் போட்டு முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அது நன்றாகச் சுழல்கிறதா என்று ஒரு தடவை சுற்றியும் பார்த்துக்கொண்டார். குடையார் எதிரே, இத்தனை வருஷமாக மற்றவர்களைக் காக்கவைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். அது ஒரு பக்கம் ஆடும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

வீட்டம்மா ஒரு மின்னல் குடையை மேசை மேல் வைத்தார்.

"இதை எடுத்துக்கிட்டு பஸ்ல கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டு வாங்க."

"கார் நிக்குதே!"

"கார்ல போறவங்களுக்குக் குடை எதுக்குங்க?"

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. முதல் குலுக்கலில் மின்னல் தானாக விரிந்து ஒரு பெரியவரின் மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டது. குடையார் மன்னிப்புக் கேட்டு மடக்கினார். அடுத்த நிறுத்தத்தில் ஓர் அம்மாளின் காய்கறிப் பைக்குள் விரிந்தது. தக்காளி உருண்டது. மூன்றாவது தடவை கண்டக்டரின் முகத்துக்கு நேரே விரிந்தது. கடைசி நிறுத்தத்தில் இறங்கியதும் மழை வலுத்தது. குடையார் பொத்தானை அழுத்தினார், இரண்டு கையாலும் அழுத்தினார், முழங்காலில் வைத்தும் அழுத்தினார். மின்னல் அசையவில்லை.

பதினொரு மணிக்குச் சொட்டச் சொட்ட வந்து நின்றார்.

"என்ன கத்துக்கிட்டீங்க?" என்று வீட்டம்மா நோட்டைத் திறந்தார்.

"பொத்தான் சரியில்ல."

"அதை நான் சொல்லி மூணு மாசம் ஆச்சு. புதுசா என்ன?"

குடையார் தரையைப் பார்த்தார். "கண்டக்டர் கேட்டாரு. எந்த அறிவாளி செஞ்ச குடை இதுன்னு. பஸ்ஸே சிரிச்சுது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியலைன்னு சொன்னேன்."

வீட்டம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கணவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது அவருக்கு. ஆனாலும் நோட்டில் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டார்.

"பாடம் இன்னும் முடியலைங்க. நாளைக்கும் அதே பஸ், அதே கண்டக்டர். மறுபடி கேப்பாரு. 'நான்தான்'னு சொல்லிட்டு வாங்க."

இருபத்தாறு வருஷமாகக் குடை செய்பவர், தலையிலிருந்து வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு கெஞ்சினார்.

"நாளைக்குக் குடை இல்லாம போயிட்டு வரட்டுமா, டீச்சர்?"