கீச்சுப் பேயும் சக்கரச் சித்தரும்

முடிச்சூரில் கார்களுக்குப் பேயோட்டுகிறார்கள்! மனிதர்களுக்கு ஓட்டி முடித்தாகிவிட்டது போலும். ஞாயிறு காலை அந்த மைதானத்தில் நிற்கும் வண்டிகளைப் பார்த்தால் யாரோ பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணம் என்று நினைப்பீர்கள். கல்யாணமில்லை. சக்கரச் சித்தர் அருள்பாலிக்கிறார்.

சித்தரின் பழைய பெயர் தனக்கோடி. பழைய தொழில் வீட்டுமனைத் தரகு. ஏரிக்குள் மனை விற்றார். வெள்ளம் வந்தது, மனையோடு அவரும் காணாமல் போனார். திரும்பி வந்தபோது தாடி இருந்தது. அது போதாதா நமக்கு?

வரிசையில் நம் குமரேசனும் நின்றார். நாவலூர் கம்பெனியில் மென்பொருளைச் சோதிக்கிற வேலை. ஊரார் எழுதியதில் ஓட்டை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவர். ஞாயிறு விடுமுறை, மூளைக்கும் சேர்த்து. கார் வாங்கிய அன்று நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினாரே, அதோடு சரி. சர்வீஸ் பக்கமே போகவில்லை. பழம் பார்த்துக்கொள்ளும் என்ற தைரியம்!

சில நாளாக பிரேக்கை மிதித்தால் 'கீச்' என்று ஓர் அலறல். மறுநாளோ மனைவி அனுப்பிரியாவையும் மகளையும் ஏற்றிக்கொண்டு ஏலகிரி மலைக்குப் போகவேண்டும். வழியெல்லாம் கொண்டை ஊசி வளைவுகள்.

சித்தர் முன்சக்கரத்தில் காதை வைத்தார்.

"பொம்பளப் பேயி! சக்கரத்த புட்ச்சிகினு அழுவுது. எந்த ரோட்ல ஏத்திகினு வந்த நைனா?"

"ஆபீஸ் ரோடுதான் சாமி."

அந்த டிராஃபிக்கில் ஒரு பேய் நடந்தே சீக்கிரம் போயிருக்குமே என்று குமரேசனுக்குத் தோன்றவில்லை.

மந்திரித்த எண்ணெயை இரண்டு முன்சக்கரங்களுக்குள்ளும் தாராளமாக ஊற்றினார் சித்தர். குமரேசன் வண்டியை உருட்டி, பிரேக்கை மிதித்தார். சத்தமே இல்லை! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. குமரேசனுக்குக் கண் கலங்கிவிட்டது.

காருக்குள் உட்கார்ந்திருந்த அனுப்பிரியா இறங்கி வந்து சக்கரத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"பேய் போயிடுச்சா சாமி?"

"ஓடிப்பூட்ச்சும்மா. இனிமே மலை இன்னா, மேகத்துலயே ஓட்டலாம்."

"சந்தோஷம். அப்போ அந்தக் கம்பத்துகிட்ட போய் நில்லுங்க. இவர் வேகமா வந்து உங்க முன்னாடி பிரேக் போடுவார்."

சித்தரின் முகம் நெற்றித் திருநீற்றுக்குப் போட்டியாக வெளுத்தது. "எனக்கு... தியான டைம் ஆயிட்ச்சும்மா."

"நாளைக்கு என் பொண்ணு இந்த வண்டியில மலை எறங்கணும். அவளுக்கு மட்டும் உயிர் இல்லையா?"

அவர் நகரவில்லை. அனுப்பிரியா அவர் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கம்பத்தருகே வைத்தாள்.

குமரேசன் வந்தார். மிதித்தார். மறுபடி மிதித்தார். கார் பரம சாந்தமாக வழுக்கிக்கொண்டு போய் நாற்காலியை நொறுக்கியது. கைபிரேக்கை இழுத்த பிறகுதான் நின்றது. உள்ளேயிருந்து பார்த்த அவருக்கு நாற்காலி இருந்த இடத்தில் மலைவளைவும் மகளின் முகமும் தெரிந்தன.

அனுப்பிரியா எண்ணெய் விரலைக் கூட்டத்துக்குக் காட்டினாள். "பிரேக் பேட் தேஞ்சா, மாத்தச் சொல்லி அதுவே கத்தும். அதுக்குன்னே உள்ள ஒரு தகடு வெச்சிருக்காங்க. இவர் எண்ணெய் ஊத்தி அது வாயை மூடிட்டார். எண்ணெய் பட்டா பிரேக்கும் பிடிக்காது."

சித்தர் அதற்குள் தன் பைக்கில் கிளம்பிவிட்டார். கூட்டம் ஓடிப்போய் மறித்தது. அவர் பிரேக் போட்டார்; வண்டி கச்சிதமாக நின்றது.

"உன் வண்டிக்கு எண்ணெய் ஊத்தலியாய்யா?" என்று ஒருவர் சட்டையைப் பிடித்தார்.

"அய்ய, இன்னா சார் நீ? பிரேக் புடிக்காதே! இத்த மாசாமாசம் மெக்கானிக்காண்ட உட்ருவேன்" என்றார் சித்தர், அவசரத்தில் உண்மையாக.

அத்தனைக்கும் பிறகு துளசிங்கம் என்கிற பெரியவர் உடைந்த நாற்காலிக் கால் ஒன்றைப் பொறுக்கினார். "சாமி உக்காந்ததாச்சே. வண்டியில கட்டிக்கலாமா?"

குமரேசன் இழுவை வண்டிக்குப் போன் போட்டார்.

"வண்டியில என்ன சார் ப்ராப்ளம்?"

"வண்டி ஒழுங்காத்தாங்க கத்துச்சு. ப்ராப்ளம் ஓனருக்கு."

விற்கும்போதே காருக்கு பிரேக் வைத்துத்தான் விற்கிறார்கள். உங்கள் நம்பிக்கைக்கும் ஒன்று பொருத்திக்கொள்ளுங்கள் ஐயா. கடைகடையாக அலைய வேண்டாம்; கழுத்துக்கு மேலே தேடினால் கிடைக்கும்.