எஞ்சினியர் அறை

வந்தவர்களை உபசரிக்கிறவர்கள் உண்டு. வராதவர்களை உபசரிக்கிறவர்களும் உண்டு. இங்கே பேச்சு இரண்டாவது இனத்தைப் பற்றி. எந்த மண்ணிலும் முளைக்கக்கூடிய இனம்தான். ஆனால் பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று அரசாங்கம் சொல்லிவிட்டுப் போன ஊரில் அது கொழுத்து வளரும். எங்கள் பெல்லர்ஸ் பே அப்படி ஓர் ஊர்.

எங்கள் கிப்ஸ்லாந்து கரைக்கு அப்பால் நடுக்கடலில் காற்றாலைகளை நிறுத்தப் போகிறார்கள், அவற்றின் தூண்களும் இறக்கைகளும் வந்து இறங்குவதும் பூட்டப்படுவதும் எங்கள் துறைமுகத்தில்தான் என்று ஒரு மந்திரி அறிவித்தார். தலையில் விழுவதற்குக் கடற்பறவை எச்சத்தைத் தவிர வேறெதுவும் இல்லாத எங்கள் பழைய படகுத்துறையில், தலைக்கவசம் போட்டுக்கொண்டு நின்று அறிவித்தார். கால்பந்து கிளப் மண்டபத்தில் வரைபடம் மாட்டினார்கள். சாசேஜ் சுட்டுக் கொடுத்தார்கள். போய்விட்டார்கள். இது நான்கு மந்திரிகளுக்கு முன்னால் நடந்தது.

உங்களையும் என்னையும் போன்றவர்கள் சாசேஜைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனோம். இந்த இனத்தார் வீட்டுக்குப் போய் அளவு டேப்பைத் தேடினார்கள்.

மாதிரிக்கு என் பக்கத்து வீட்டு க்ளென் ஹாஸ்கிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். நம் வேலி சாய்ந்தால் நாம் கேட்பதற்குள் நிமிர்த்திவிட்டுப் போகிற மனிதர். மகள் கல்யாணமாகிப் போனதில் காலியான அறைக்குப் பெயின்ட் அடித்தார், ஹீட்டர் மாட்டினார், துண்டுகளை மடித்து வைத்தார், பிளாஸ்டிக் உறை பிரிக்காத இறகுப் போர்வை ஒன்றை வாங்கி வைத்தார். காற்றாலை கட்ட வருகிற எஞ்சினியர்களில் கெட்டிக்காரர்கள் டென்மார்க்காரர்கள், அவர்கள் உயரமானவர்கள் என்று எங்கேயோ படித்துவிட்டு ஏழடிக் கட்டில் வாங்கினார். கட்டில் உள்ளே போயிற்று. கதவைத்தான் சாத்த முடியவில்லை. கட்டிலையா குறைக்க முடியும்? கதவைக் கழற்றிவிட்டு மடக்குக் கதவு மாட்டினார். அன்றிலிருந்து அது 'எஞ்சினியர் அறை'. தூசி தட்ட மட்டும் உள்ளே போகலாம்.

இந்த இனத்தாருக்குக் கெட்ட செய்தி என்று ஒன்று கிடையாது. வேலை தள்ளிப்போனால், பெரிதாகச் செய்யப்போகிறார்கள் என்று அர்த்தம். கரைச் சேற்றைத் தோண்டினால் பறவைகளுக்கு ஆகாது என்று திட்டம் திரும்பி வந்தபோது ஊரே சோர்ந்து போயிற்று. க்ளென் சோரவில்லை.

"பறவைய எண்ண ஆள் வருவாங்கல்ல? அவங்க மட்டும் மரத்துலயா தூங்குவாங்க?"

போன ஜூனில், எங்கள் பக்கம் குளிர் எலும்பைத் தடவிப் பார்க்கிற மாதத்தில், மகள் மெலனி புருஷனை விட்டுவிட்டு, மூன்று வயது ஐவியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? ஊரில் பாதி வீடுகளில் ஓர் எஞ்சினியர் அறை பூட்டிக் கிடந்தது. மீதி வீடுகளில் எஞ்சினியர் தரப்போகிற வாடகையை இப்போதே கேட்டார்கள். வராத ஆள் ஊர் முழுக்கக் குடியேறிவிட்டான். வந்தவளுக்கு அப்பா வீட்டு ஹாலில் மடக்கு சோபா.

"அப்பா, அந்த ரூம்ல யாருமே இல்லையே."

"இப்ப இல்லம்மா."

"எனக்கு இப்பதான்ப்பா வேணும்."

"அடுத்த வாரம் சர்வே கப்பல் வருது மெல். பெட்டியோட வந்து நிக்கிறவங்கள, 'கொஞ்சம் இருங்க, என் பொண்ணு மூட்ட கட்டட்டும்'னு சொல்ல முடியுமா?"

"நான் சொல்றேன்," என்றாள் மனைவி ரோஸ்லின், அடுப்படியிலிருந்து. "அதுக்காகவே காத்துக்கிட்டிருக்கேன்."

இரவு டியூட்டி முடிந்து வந்து பகலில் டீவி சத்தத்தில் தூங்கிப் பார்த்த மெலனி, ஒரு நாள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "பெர்த்ல என் ஃப்ரெண்ட் வீட்ல ரூம் இருக்காம். வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் ஐவிய கூட்டிட்டுக் கிளம்பிடுவேன்."

பெர்த் என்றால் கண்டத்தின் மறுகரை. பேத்தியை வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கலாம், டிக்கெட் மலிவாக இருந்தால். க்ளென் போய்க் கட்டிலைத் துடைத்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் வாசல் மணி அடித்தது. டென்மார்க்கிலிருந்து கிர்ஸ்டன் என்ற எஞ்சினியர். நிஜ எஞ்சினியர். ஐந்தடிக்குக் கொஞ்சம் கீழே. கையில் அட்டை: 'அறை தயார். நீளமான கட்டில்.' க்ளென் படகுத்துறையில் ஒட்டியது.

க்ளென் மூச்சுவிடாமல் அழைத்துப்போய் மடக்குக் கதவைத் தள்ளினார். கட்டிலின் குறுக்கே ஐவி தூங்கிக்கொண்டிருந்தாள். எஞ்சினியரின் போர்வை அவள் கழுத்துவரை. எஞ்சினியரின் துண்டுகள்மேல் அவளுடைய சேற்று பூட்ஸ். பிளாஸ்டிக் உறையை வெட்டிய கத்தரிக்கோலை மறைக்கக்கூட ரோஸ்லினுக்குத் தோன்றவில்லை.

"இங்க ஆள் இருக்காங்களே," என்றாள் கிர்ஸ்டன் மெதுவாக.

"இது... தற்காலிகம்."

"ஐயோ, எழுப்பாதீங்க. எங்களுக்குக் கப்பல்லயே படுக்கை இருக்கு. பின்னால பெரிய வேலை ஆரம்பிச்சாலும் பாதிப்பேரு கப்பல்லதான் படுப்பாங்க. நான் ரூமுக்கு வரல. கப்பல்ல துணி துவைக்கிற மெஷின் ரிப்பேர். இந்த வீட்டு ஆளுங்க உதவுற ஆளுங்க மாதிரித் தெரிஞ்சுது..."

"கொண்டா துணிய," என்றாள் ரோஸ்லின்.

டென்மார்க்கின் காலுறைகள் எங்கள் வீட்டு வேலிவரை காய்ந்தன. சாயங்காலம் மெலனி வந்தபோது, ஹாலில் கிடந்த அவள் பெட்டியை க்ளென் எஞ்சினியர் அறைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

"வேலை ஆரம்பிக்கிற வரைக்கும்தான், மெல்."

"சரிப்பா."

"அப்ப ஐவி கல்யாணம் அந்த ரூம்லேர்ந்துதான்," என்றாள் ரோஸ்லின்.

மனிதர் திருந்திவிட்டார் என்று நினைத்தால் உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியாது. அடுத்த சனிக்கிழமை தன் கார் கொட்டகையில் டேப்பை நீட்டிக்கொண்டிருந்தார். "கப்பல்ல படுத்துக்கட்டும்," என்றார் என்னிடம். "துணிய எங்க துவைப்பாங்க?" எட்டு மெஷின் வைக்கலாமாம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிற பூப்போட்ட தட்டுகளில் இதுவரை யார் சாப்பிட்டார்கள்? பரண்மேல் இருக்கிற புது மெத்தை யாருக்கு? 'யாராவது வந்தா வேணும்' என்று எடுத்துவைத்துவிட்டு, காது உடைந்த கோப்பையில் காப்பி குடித்தபடிதானே இதைப் படிக்கிறீர்கள்? அந்த 'யாராவது' யார் என்று நான் கேட்கவில்லை.

அவர் எவ்வளவு உயரம்? அதையாவது சொல்லுங்கள்.