மாமனாரின் ஷேவிங் பிரஷ்

வலது கையில் முடிக்கற்றை, இடது கையில் கைப்பிடி. மாமனாரின் ஷேவிங் பிரஷ் இரண்டாகிவிட்டது.

அவன் செய்ததெல்லாம் வினிகர் கலந்த வெந்நீரில் அதைச் சற்று ஊறவைத்ததுதான். யாரோ தூக்கிப் போட்ட பழைய ஷேவிங் பிரஷ்களைத் தேடி வாங்கி, கறை நீக்கி, மெருகேற்றி அலமாரியில் நிறுத்துவது அவன் பொழுதுபோக்கு. இன்ஷூரன்ஸ் ஆபீசில் பகலெல்லாம் ஊரார் வீட்டுச் சேதங்களை மதிப்பிட்டுவிட்டு வருகிறவனுக்கு, எதையாவது ஒன்றைச் சரிசெய்து பார்ப்பதில் அப்படியொரு நிம்மதி.

மாமனார் ஓய்வுபெற்ற பாய்லர் இன்ஸ்பெக்டர். எதைப் பார்த்தாலும் எங்கே விரிசல் என்றுதான் தேடுவார். கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளையையும் அதே பார்வைதான் பார்க்கிறார். அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்கியே தீருவது என்று இவனும் வைராக்கியமாக இருந்தான். நேற்று அவர் வந்து இறங்கிய பிறகு, குளியலறையில் மாட்டுக்கொம்புக் கைப்பிடி போட்ட ஒரு பழைய பிரஷ் சோப்புக் கறையோடு நிற்பதைப் பார்த்தான். விடுவானா? இன்று அவர் மாமியாரோடு நடக்கப் போன சமயம் பார்த்து, அதைப் பால்கனிக்குக் கடத்திக்கொண்டு வந்துவிட்டான்.

"என்னங்க இது?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. உள்ள இருந்த பசை விட்டுப்போச்சு. ஒட்டிட்டா முடிஞ்சுது."

"பேசாம அப்பாகிட்ட சொல்லிடுங்க."

"சொன்னா நான் முடிஞ்சேன். நீ போ, நான் பாத்துக்கறேன்."

ஒட்டினான். அவசரத்தில் முடிக்கற்றை ஒரு பக்கமாகச் சாய்ந்து இறுகிவிட்டது, பஸ்ஸில் தூங்கி விழுகிறவன் தலை மாதிரி. பசையை இளக்க, கெட்டிலைக் கொதிக்கவைத்து ஆவியில் காட்டினான். பசை அசையவில்லை. கொம்புதான் இளகியது. இப்போது கைப்பிடியும் சாய்ந்தது. நிமிர்த்துகிறேன் பேர்வழி என்று இடுக்கியில் பிடித்து அழுத்தினான். டப்பென்று நெடுக்காகப் பிளந்தது.

அந்த நேரம் பார்த்து மாமனார் பால்கனிக் கதவருகே வந்து நின்றார். இவன் எல்லாவற்றையும் துண்டால் மூடினான்.

"மாப்ள, பாத்ரூம்ல ஒரு பிரஷ் இருந்துதே, பாத்தீங்களா?"

துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டான். "பாத்தேன் மாமா."

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மாமா. அங்கயேதான் இருக்கும், எங்க போகப்போகுது?"

"அங்கயேதான் இருக்கா?" மாமனாரின் முகம் ஏனோ வாடியது. "சரி."

அவர் சந்தேகப்பட்டுவிட்டார் என்று இவனுக்கு உறுதியாகிவிட்டது. இனி ஒரே வழிதான். அவனுடைய அலமாரியில் நடுநாயகமாக ஒரு பிரஷ் இருந்தது. அதே கொம்பு, அதே உயரம், பட்டுப் போன்ற முடி. கண்ட இடமெல்லாம் விசாரித்து வாங்கி, வாரக்கணக்கில் இழைத்தது. மனைவி தூசி தட்டினால்கூடக் கூடவே நிற்பான்.

மாமனாரின் பிரஷ்ஷுக்கு அடியில் ஒரு சின்ன வெட்டு இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, அரத்தால் தன் பிரஷ்ஷின் அடியிலும் ஒரு வெட்டுப் போட்டான். தன் விரலையே அறுத்துக்கொண்டதுபோல் வலித்தது. பளபளப்பைப் பற்றிக் கேட்டால், லேசாகக் கழுவினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் பார்க்காதபோது அதைக் குளியலறையில் வைத்துவிட்டு வந்தான்.

மறுநாள் காலை, ஊருக்குக் கிளம்ப வேண்டிய மாமனார் குளியலறையிலிருந்து வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். கன்னத்தில் அங்கங்கே காகிதத் துணுக்குகள், ஒவ்வொன்றிலும் ஒரு ரத்தப் பொட்டு.

"என்னப்பா இது கோலம்?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. மாப்ள, உங்க ரேசரை எடுத்துக்கிட்டேன்." நேராக இவனிடம் வந்தார். கண்டுபிடித்துவிட்டார், எல்லாம் போச்சு என்று இவன் சுவரோடு ஒட்டினான். மாமனார் அவன் தோளைப் பிடித்தார். "நல்ல வேலை மாப்ள. பிரமாதமான வேலை."

அவ்வளவுதான் சொன்னார். பிரஷ்ஷைத் துண்டில் சுற்றிப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு படியிறங்கினார். இவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பையைப் பார்த்தால் அழுகையும் வந்தது.

செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மாமியாரிடம் மெல்லக் கேட்டான். "மாமாவுக்கு ஏன் அத்தை முகமெல்லாம் கீறல்? பிரஷ் சரியில்லையா?"

"அவரு இதுவரைக்கும் சலூன்லதானே மாப்ள ஷேவ் பண்ணியிருக்காரு. உங்களுக்குன்னு தேடி வாங்கின பழைய பிரஷ்ஷை, கையில குடுக்கக் கூச்சப்பட்டு பாத்ரூம்ல வெச்சா, அதை நீங்க இழைச்சு, அதே மாதிரி சொல்லாம அங்கயே வெச்சு, அவருக்கே பரிசாக் குடுத்துட்டீங்கன்னு உருகிப்போயிட்டாரு."