பின்பக்கத்தை யார் பார்க்கப் போறா?

அன்றைக்கு ஒரு முடிவெடுத்தேன். வீட்டிலிருக்கிற பிளாஸ்டிக் டிராயருக்குத் துணிச் சட்டை போட்டே தீருவது!

காரணம் அழகு இல்லை. கடலை மிட்டாய்.

ரத்தத்தில் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து என் மனைவி சொர்ணத்தாய் மிட்டாயைக் கண்ணில் காட்டுவதில்லை. கோவில்பட்டியில் குடியிருந்துகொண்டு கடலை மிட்டாய் தின்னாதே என்பதற்குப் பதில் என்னை ஊரைவிட்டே தள்ளி வைத்திருக்கலாம். ஒளித்துத் தின்னவும் வழியில்லை. தெருவில் முதல் செல்போன் வந்த வருசம் அவள் வாங்கிப்போட்ட அந்த நாலு தட்டு டிராயர் கண்ணாடி மாதிரி. உள்ளே ஊக்கு கிடந்தாலும் வெளியே தெரியும்.

மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசியே ஆளானவன் நான். பள்ளிக்கூடம் சொல்லித் தராததை அந்தத் துண்டு சொல்லித் தந்தது. துணிக்கு அந்தப்பக்கம் நடப்பது எவனுக்கும் தெரியாது!

பஸ்ஸேறிப் புதியம்புத்தூர் போனேன். ரெடிமேட் தைக்கிற யோகராஜிடம் பூப்போட்ட வெட்டுத்துணி கிடந்தது. பாதி விலைக்குக் கேட்டேன். கத்தினேன். கோபித்துக்கொண்டு வாசல்வரை போனேன். அவன் கூப்பிடவில்லை. நானே திரும்பி வந்தேன்.

“அண்ணாச்சி, நீங்க கேக்குத வெலைக்கு மூணு பக்கத்துக்குத்தான் துணி வரும். பின்பக்கத்துக்கு?”

“பின்பக்கத்தை யாருவே பாக்கப் போறா, செவரா?”

வீட்டுக்கு வந்து பசையைத் தடவி, இழுத்து, நீவி ஒட்டினேன். அடடா! சொர்ணத்தாய் கன்னத்தில் கை வைத்துவிட்டாள்.

“ஏங்க, நீங்களா செஞ்சிய? கல்யாணப் பொண்ணு மாதிரில்லா இருக்கு!”

“பின்னே? என்னை யாருன்னு நெனச்சே? மேல மூணு தட்டும் உனக்கு. கடைசித் தட்டு எனக்கு. கை வைக்கப்படாது.”

“சரிங்க.”

ஒரே பேச்சில் சரி! இருபது வருசத்தில் அவளிடம் இப்படி ஒரு பேரம் படிந்ததே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

“இவ்வளவு அழகைச் செவரோரம் போட்டா யாரு பாப்பா? கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவுல, தடுப்பு மாதிரி நிறுத்துவமா? வாரவிய கண்ணுல மொதல்ல படும்லா.”

“அப்படிச் சொல்லுட்டி!”

நானே தூக்கி நிறுத்தினேன்.

சாயங்காலம் அரைக் கிலோ மிட்டாய் கடைசித் தட்டுக்குள் குடியேறியது. சொர்ணத்தாய் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் சம்மணம் போட்டு, விட்டத்தைப் பார்த்தபடி, தட்டை மெல்ல இழுத்துக் கையை விட்டேன்.

“இன்னுங்கொஞ்சம் வலக்கைப் பக்கம்.”

குரல் அடுப்படியிலிருந்து.

“எ... என்னது?”

“இந்தப்பக்கம் கெடக்கது நொறுங்கிப்போச்சு. முழுசெல்லாம் அங்கன கெடக்கு.”

எட்டிப் பார்த்தேன். துணி ஒட்டாத பின்பக்கம் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. மிட்டாய் தெரிந்தது. மிட்டாய்க்குள் துழாவுகிற என் அஞ்சு விரலும் தெரிந்தது.

எழுந்து வந்தாள். திட்டவில்லை. என் தோள் துண்டை உருவி, என் கைமேல் போட்டு, தன் கையை உள்ளே விட்டாள்.

“வாங்க, உங்க வழியிலயே பேசுவோம்.”

அஞ்சு விரலையும் நீட்டினேன். நாலை மடக்கினாள். ஒற்றை விரலை மட்டும் இறுக்கிப் பிடித்தாள். அதுவாவது கிடைத்ததே!

“படிஞ்சுது பேரம்! தெனம் ஒண்ணு!” என்று துள்ளினேன்.

“ஒண்ணுதான்,” என்றாள், மிட்டாய்ப் பையை முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டே. “தீவாளிக்கு.”