காய்ச்சல்ல பொரிச்ச கோழிக்குஞ்சு

போளூர் ஸ்டேஷனுக்குப் போயி ஒரு முட்டை பார்சலை எடுத்துகினு ஆரணிக்குத் திரும்பணும். அன்னிக்கு எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

துன்ற முட்டை இல்ல. குஞ்சு பொரிக்கிற முட்டை. வெள்ளை லெகார்ன் ஜாதி, ரெண்டு டஜன். பெங்களூர்ப் பக்கம் ஒரு பண்ணையில சொல்லிவெச்சு, காட்பாடியில வண்டி மாறி வந்துகினு இருந்துச்சு.

நான் அப்போ ஒரு பட்டுப் புடவை வியாபாரிகிட்ட கிளார்க். என் சம்சாரம் ஸ்டெல்லா, மிஷன் ஸ்கூல்ல டீச்சர். கோழிப் பைத்தியம் எனக்கு மட்டும்தான். பட்டுநூல் வந்த மரப்பெட்டி ஒண்ணுல ரெண்டு பல்பு மாட்டி, ஈரத்துக்கு ஒரு கிண்ணத்துல தண்ணி வெச்சு, நானே இன்குபேட்டர் செஞ்சு முடிச்சிருந்தேன்.

பக்கத்து வீட்டுல தறி நெய்யற கன்னியப்பன் வந்து அத சுத்திச் சுத்திப் பாத்தாரு.

"எங்க வூட்ல ஒரு கோழி அடைக்கு உக்காரணும்னு துடிச்சிகினு கீது சார். அதுங்கீழ வெச்சிட்டா போதுமே."

"இது சயின்ஸுங்க"ன்னேன்.

"சரிங்க சார்"னு போயிட்டாரு. அந்த 'சரிங்க'வுல எனக்குக் கொஞ்சம் சந்தேகந்தான்.

போளூர்ல பிளாட்பாரத்துல பெட்டிய எறக்கி வெச்சிருந்தாங்க. வண்டிக்குக் காத்துகினு இருந்த ஒரு பெரியவர் அது மேல உக்காந்து டீ குடிச்சிகினு இருந்தாரு.

"ஐயா, அதுல முட்டைன்னு எழுதியிருக்குதே."

"பாத்தேன் தம்பி. அதான் மெதுவா உக்காந்தேன்."

அவரு குடிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னேன். அவசரமா எழுந்தா இன்னும் ஒடையும்னு பயம்.

பஸ்ஸுல சீட்டு இருந்துச்சு. ஆனா உக்காந்தா குலுக்கல் நேரா முட்டைக்குப் போகும். அதனால பெட்டிய நெஞ்சோட அணைச்சிகினு, முட்டிய மடக்கி, பள்ளம் வர்றப்போல்லாம் ஸ்பிரிங் மாதிரி எறங்கி ஏறிகினு வந்தேன்.

கண்டக்டர் பாத்துட்டு, "உக்காருங்க சார், எடம் இருக்குதே"ன்னாரு.

"பரவால்லீங்க. இப்படியே வரேன்."

பின்னாடி ஒரு அம்மா பக்கத்துல இருந்தவங்ககிட்ட சொன்னது காதுல வுழுந்துச்சு. "பாவம், வயித்துவலி போல. டிரைவர ஜல்தி ஓட்டச் சொல்லுங்க."

டிரைவரும் நல்ல மனுஷன். ஜல்தியா ஓட்டினாரு.

வீட்டுல பிரிச்சா, பதினெட்டு முட்டை முழுசா இருந்துச்சு. எனக்கு ஒடம்பே கழண்டுபோச்சு.

"தூரம் வந்த முட்டைய ஒடனே சூட்டுல வெக்கக்கூடாது. கூர்முனை கீழ இருக்கற மாதிரி ஒரு நாள் ரெஸ்ட் குடுக்கணும்"னேன்.

"முட்டைக்கு ரெஸ்ட் குடுத்துட்டு, நீங்க போயி ரெண்டு கொடம் தண்ணி எடுத்தாங்க"ன்னா ஸ்டெல்லா.

அப்புறம் எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு. முட்டைக்கு ஒரு பக்கம் பென்சில்ல பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டு, தவறாம பெரட்டிவுட்டேன். டார்ச்ச அடியில வெச்சு வெளிச்சத்துல பாத்து, கரு பிடிக்காதத எடுத்துட்டேன். மிச்சம் பதினொண்ணு. வீட்டுல இருந்த ஒரே காய்ச்சல் தெர்மாமீட்டர் பெட்டிக்குள்ள போயிடுச்சு. நூறுல நின்னா எனக்கு நிம்மதி.

குஞ்சு வர்றதுக்கு இன்னும் சில நாள்தான் பாக்கி. ஐப்பசி மழை புடிச்சுது. காத்துல கம்பம் சாஞ்சு எங்க தெருவுக்கே கரண்டு போச்சு. எப்போ வரும்னு யாருக்கும் தெரியல.

பெட்டிக்குள்ள அரிக்கேன் லைட்ட வெச்சேன். ரெண்டு நாள்ல கிருஷ்ணாயில் தீந்துடுச்சு. ரேஷன் கடை வாசல்ல மழையில நனைஞ்சிகினு நின்னேன். என் முறை வந்தப்போ கிருஷ்ணாயில் இல்ல. வெறும் டின்னோட திரும்பி, வெக்கத்த வுட்டுட்டு கன்னியப்பன் வீட்டுக்குப் போனேன்.

"உங்க அடைக்கோழி..."

அவரு தலையச் சொறிஞ்சாரு. "ஞாயித்துக்கெழம மச்சான் வந்திருந்தாரு சார்."

வீட்டுக்கு வந்து படுத்தவன்தான். ஒடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. வறட்டு இருமல் வேற. ஸ்டெல்லா பெட்டியில இருந்து தெர்மாமீட்டர எடுத்து, ஒதறி, என் வாயில வெச்சா. வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுப் பாத்தா.

"நூறு"ன்னா. அவ மூஞ்சியில அப்படி ஒரு சந்தோஷத்த நான் கல்யாணத்தன்னிக்குக் கூட பாக்கல.

கொஞ்ச நேரத்துல பழைய பட்டுக் கழிவுநூல்ல சுத்தி, பதினோரு முட்டையும் என் கம்பளிக்குள்ள வந்துடுச்சு. அக்குள்ல ஒண்ணொண்ணு. மிச்சம் வயித்தச் சுத்தி.

"கடைசி நாள்ல முட்டைய பெரட்டக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அதனால நீங்களும் பெரளாதீங்க."

"எனக்கு காய்ச்சல் ஸ்டெல்லா."

"அதான் வேணும். அப்படியே இருங்க."

பெரிய பேஜாரு, ஒண்ணுக்குப் போறதுதான். நான் எழுந்தா முட்டை ஆறிடும். அதுக்கும் ஸ்டெல்லா வழி கண்டுபுடிச்சா. செவுத்தத் தட்டுவா. தறிச் சத்தம் நிக்கும். கன்னியப்பன் வந்து என் எடத்துல பதவிசா படுப்பாரு.

"ஜல்தி வாங்க சார். எனக்குச் சூடு கம்மி"ன்னு உள்ள இருந்து கொரல் வரும்.

மறுநாள் காலையில காய்ச்சல் நூத்திரெண்டு ஆச்சு. ஸ்டெல்லா பயந்துட்டா. எதுக்கு பயந்தான்னு நான் கேட்டுக்கல. டாக்டர கூட்டியாந்தா.

அவரு ஊசிய எடுத்துகினு கம்பளிய வெலக்கினாரு. ஊசி தூக்கின கையோட அப்படியே நின்னுட்டாரு.

"இதெல்லாம் என்னம்மா?"

"முட்டைங்க டாக்டர்."

"அது தெரியுது. எத்தன நாளா இப்படி இருக்காரு?"

"நேத்துல இருந்துதான். அதுக்கு முன்னாடி பெட்டியில இருந்துச்சு."

டாக்டர் ஜாக்கிரதையா ஒரு முட்டைய நகத்திட்டு ஊசி போட்டாரு. மாத்திரை எழுதினாரு. ஸ்டெல்லா வாசல் வரைக்கும் போயி மெதுவா கேட்டா. "டாக்டர், நூறுலயே நிறுத்தி வெக்கற மாதிரி எதனா மாத்திரை இருக்குதா?"

"இல்லம்மா. எங்க மாத்திரையெல்லாம் மனுஷனுக்குத்தான்"ன்னாரு.

எனக்குக் கோவம் வந்துச்சு. புருஷன் பெருசா, முட்டை பெருசான்னு கேக்க வாயத் தொறந்தேன். அப்போ என் விலாவுல 'டொக்'னு ஒண்ணு. மறுபடியும் 'டொக்'. மூச்ச அடக்கிகினு கெடந்தேன். ஓட்டுக்குள்ள இருந்து எதுவோ என்னைத் தட்டிகினு இருந்துச்சு.

"மாத்திரைய போட்டுக்குங்க"ன்னு ஸ்டெல்லா தண்ணி கொண்டாந்தா.

"அங்க வெச்சிட்டுப் போ"ன்னேன். போனதும் தலகாணிக்கு அடியில தள்ளிட்டேன்.

அன்னிக்கு சாயங்காலம் எங்க சர்ச் போதகர் சபையாரோட வந்துட்டாரு. எனக்கு உடம்பு ரொம்ப மோசம், டாக்டரே பேச்சு மூச்சு இல்லாம நின்னாருன்னு யாரோ சொல்லியிருக்காங்க. என்னைச் சுத்தி நின்னு கண்ண மூடினாங்க. கம்பளிக்குள்ள இருக்கறதச் சொல்ல ஸ்டெல்லாவுக்கு நேரமே கெடைக்கல.

போதகர் என் நெத்தியில கைய வெச்சாரு. "ஆண்டவரே, சோர்ந்துபோன இந்தச் சரீரத்துல புது ஜீவனைத் தாரும்."

'கீச்'னு ஒரு சத்தம், என் வயித்துல இருந்து.

போதகர் நிறுத்தினாரு. எல்லாரும் கண்ண மூடியேதான் இருந்தாங்க. அவரு தொண்டையச் செருமிகினு, "புது ஜீவனைத் தாரும்"னு மறுபடி சொன்னாரு.

'கீச் கீச்.'

பின்னாடி ஒரு அம்மா தழுதழுத்து, "ஸ்தோத்திரம்"னாங்க.

கம்பளி ஓரமா ஈரத் தலை ஒண்ணு வெளிய வந்து போதகர நிமிந்து பாத்துச்சு. அவரு அதப் பாத்தாரு, என்னப் பாத்தாரு, ஜல்தியா ஆமென் சொன்னாரு.

ஏழு குஞ்சு பொரிஞ்சுது. ஏழாவது வந்த கொஞ்ச நேரத்துல கரண்டும் வந்துச்சு. அன்னிக்கே மாத்திரைய முழுங்கினேன். ரெண்டு நாள்ல காய்ச்சலும் வுட்டுடுச்சு.

முட்டைக்குள்ள இருந்தப்போ என் இருமலைத்தான் கேட்டுகினு இருந்துச்சோ என்னவோ, நான் இருமினா ஏழும் எங்க இருந்தாலும் ஓடியாரும். வேலைக்குக் கெளம்பறப்போ மூச்சப் புடிச்சிகினு தெருமுனை தாண்டுவேன். ஒரு நாள் முடியல. பஜார் வரைக்கும் வரிசையா வந்துடுச்சுங்க. மொதலாளி வாசல்ல நின்னு எண்ணிப் பாத்துட்டு, "இதுங்களுக்கும் வேலை வேணுமா?"ன்னாரு.

அடுத்த வருஷம் மழையில எனக்கு மறுபடியும் காய்ச்சல். தறிய நிறுத்திட்டு கன்னியப்பன் ஒடனே ஓடியாந்தாரு. மனசு இளகிப்போச்சு எனக்கு. என் நெத்தியத் தொட்டுப் பாத்தாரு. அப்புறம் துண்டுல இருந்து ஆறு முட்டைய எடுத்து கட்டில்ல வெச்சாரு.

"வாத்து முட்டை சார். இதுக்குக் கொஞ்சம் நீளமான காய்ச்சலா வேணும்."